உது என்றால் எது?

உன் கடையை ஒழித்துக் கொடுத்த கையோடு உன் தங்கை ஒரு பையைக் கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டுப் போனாள். கனநாளாக அதை நான் அவிழ்க்கவில்லை. இன்று காலை மழை விட்டு வெயில் எறித்தபோது, ஏதோ ஒரு துணிவில் விறாந்தையில் கொட்டிப் பார்த்தேன். முனை தேய்ந்த திருப்புளிகள், பாதி முடிந்த ஈயக்கம்பிச் சுருள், யாருடையதென்று தெரியாத கைபேசி பற்றரிகள். இவற்றுக்கு நடுவே சிவப்பு நூல் கட்டிய ஒரு கண்ணாடி வெப்பமானி. அதை எடுத்து மூக்கில் வைத்து மணந்தேன். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். வெப்பமானியை மணந்து பார்க்கிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கோழிக்குஞ்சு மணம் ஏதும் வரவில்லை, ஈயம் உருகின புகையின் மணம்தான் வந்தது. ஆனாலும் யோகமக்காவின் குஞ்சு பொரிக்கும் அறை அப்படியே கண்முன் வந்து நின்றது.

அந்த நாளை உனக்கே திருப்பிச் சொல்லவேண்டும் போல இருக்கிறது. உனக்குத் தெரியாதது அதில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அதில் ஒரு துண்டு தெரியாமல் இருந்தது. நீ போன பிறகுதான் அது என் காதுக்கு வந்தது.

யோகமக்காவை நினைக்கும்போது அவவின் முட்டைகளைத்தான் முதலில் நினைப்பேன். அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால், ஒரு காலத்தில் ட்ராக்டர் விட்ட கொட்டகையைச் சாந்து பூசி அறையாக்கி, ஊர்க்கோழிக் குஞ்சு பொரிக்கும் தொழில் தொடங்கியிருந்தா. முட்டை அவவுடையதல்ல. சுற்றியுள்ள ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுக் கோழியின் முட்டைகளைக் கொண்டுவந்து, பென்சிலால் அடையாளம் போட்டுக் கொடுப்பார்கள். பொரித்த குஞ்சுகளில் ஒரு பங்கு யோகமக்காவுக்கு, மிச்சம் முட்டைக்காரிக்கு. இதில் எழுத்துமில்லை, கையொப்பமுமில்லை, வாய்ச்சொல்தான். முதல் தடவை வைத்த முட்டைகள் கரண்ட் நின்று கூழாகிப்போனதில் ஊரில் முணுமுணுப்பு எழுந்திருந்தது. இரண்டாந்தரமும் கெட்டால் ஒருத்தியும் அந்தப் படியில் முட்டை கொண்டுவந்து வைக்கமாட்டாள். அது யோகமக்காவுக்குத் தெரியும், உனக்கும் எனக்கும் தெரியும்.

பொரிக்கும் பெட்டிக்குச் சூடு கொடுக்கிறதும் நிறுத்துகிறதும் ஒரு பழைய கணினி. யோகமக்காவின் தமக்கை மகன், அவவின் பெறாமகன், கனடாவுக்குப் போவதற்கு முன்னால் அதைப் பூட்டி, தானே ஒரு நிரலும் எழுதி ஓடவிட்டிருந்தான். சூட்டை அளக்கும் சென்சர் பெட்டிக்குள் தொங்கும். அது சொல்லுகிற எண்ணைப் பார்த்து நிரல் வெப்பக்கம்பியை ஏற்றும், அணைக்கும். பெறாமகன் விமானம் ஏறினதும் அந்தக் கணினியைப் பார்க்கிற பொறுப்பு, தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் கைபேசி திருத்துகிற கடை வைத்திருந்த உன் தலையில் விழுந்தது. உனக்கு விளங்காத இடங்களில் என்னைக் கூப்பிடுவாய். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தைப் பராமரித்து வகுப்பும் எடுக்கிற எனக்கு லினக்ஸ்தான் சோறு போடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலிருந்து நீ கேட்பதும் நான் எரிந்து விழுவதும் நமக்குப் பழக்கம்.

அன்று சென்சர் பொய் சொல்லத் தொடங்கியிருந்தது. ஒரு நேரம் சரியாகச் சொல்லும், ஒரு நேரம் பெட்டிக்குள் பனி பெய்வதாகச் சொல்லும். முட்டைகள் பொரிக்கக் கிட்டிய நாட்கள். சூடு கூடினாலும் குறைந்தாலும் உள்ளே இருக்கிற குஞ்சு செத்துப்போகும். நீ யாழ்ப்பாணம் போய்ப் புதுச் சென்சர் வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். அதன் பாஷை கணினிக்கு விளங்க ஒரு சின்ன மென்பொருள் பொதியை இறக்கி நிறுவவேண்டும். நிறுவப் போனால், பூட்டுப் போட்டிருக்கிறது என்றது கணினி. அது எந்தப் பூட்டு என்று பார்க்க, பொதிகளின் பதிவுகள் இருக்கிற அடைவுக்குள்ளேயே, அந்தப் போல்டருக்குள்ளேயே, நீ இறங்கிவிட்டாய். வேறொருத்தி என்றால் கணினியை ஒருதரம் நிறுத்திப்போட்டு மறுபடி போட்டிருப்பாள். பூட்டு என்று சொன்னால் அந்தப் பூட்டைக் கண்ணால் பார்க்கவேணும் உனக்கு. பூட்டை விலக்கி மறுபடி முயன்றால், இப்போது வன்தட்டில் இடமில்லை என்றது. அங்கே நின்றுகொண்டுதான் எனக்குப் போன் அடித்தாய்.

நான் ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

“எடி, இடமில்லையாம். முழுக்க நிரம்பிக் கிடக்காம்.”

“முந்தி இறக்கின பக்கேஜ் எல்லாம் சேந்துபோய்க் கிடக்கும். போன மாசமும் ஒரு போல்டரைத் துடைச்சனாங்கள் எல்லோ, ஞாபகமிருக்கே?”

“ஓம், ஓம்.”

“உதுக்குள்ள கிடக்கிறதை எல்லாம் அழி. பயப்பிடாதை, ஒண்டும் நடக்காது.”

“உதுக்குள்ளையோ?”

“ஓமடி, உதுக்குள்ளைதான். வை, எனக்கு வகுப்பு.”

நீ கேட்டாய். நானும் உறுதிப்படுத்தினேன். இருவருக்கும் நல்லாக விளங்கிய ஒரு சொல்லைக் கொண்டு இவ்வளவு பெரிய பிழையைச் செய்யலாமென்று அதுவரை எனக்குத் தெரியாது.

வகுப்பின் நடுவில் மறுபடி கைபேசி அதிர்ந்தது. உன் குரலில் பயம் இல்லை, ஒரு அதிசயத்தைக் கண்டவளின் குரல்தான் இருந்தது.

“எடி, ஒண்டு கேக்கட்டே? இந்தக் கொம்பியூட்டரிலை ஒண்டுமே இல்லையாம்.”

“ஒண்டுமே இல்லையெண்டா?”

“ஒரு பக்கேஜும் இல்லையாம். ஆனா ஓடுது. பெட்டி சூடாத்தான் இருக்கு. இது என்ன விசித்திரமடி?”

“நீ எங்கை நிண்டு அழிச்சனி? பாதையை வாசி.”

நீ ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாய். தேவையில்லாத பழைய பொதிகள் குவிந்திருந்த அடைவு அப்படியே கிடந்தது. நீ துடைத்தது, அந்தக் கணினியில் என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது, எது எந்தப் பதிப்பு, எதற்கு எது துணை, எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் என்ற பதிவுகள் முழுவதையும். சாமான் எல்லாம் தட்டில் தட்டில் இருக்க, தன்னிடம் என்ன இருக்கிறதென்று கடைக்காரனுக்கு மட்டும் மறந்துபோனது போல. அந்தக் கடைக்காரன் இனிப் புதுச் சரக்கும் எடுக்கமாட்டான், பழையதைத் தள்ளவும் மாட்டான். ஒரு சின்னப் பொதியையும் நிறுவ வழியில்லை. அதாவது புதுச் சென்சர் வேலை செய்யாது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். உரும்பிராய்ச் சந்தியில் திரும்பி, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று வந்த வழி முழுக்க உன்னோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே வந்தேன். வாசலில் கால் வைத்தவுடன் நீதான் முதலில் தொடங்கினாய்.

“நீ தானே உது எண்டனி.”

“நான் உது எண்டது அந்தப் போல்டரை. போன மாசம் துடைச்சதை. அதைப் பற்றித்தானே கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்?”

“அதைச் சொல்லுறதெண்டா அது எண்டெல்லோ சொல்லவேணும்? உது எண்டா என்னட்டைக் கிடக்கிறது. நான் எங்கை நிண்டனோ அங்கை கிடக்கிறது. உனக்குத் தமிழ் மறந்துபோச்சோ?”

இது என்றால் என் பக்கம். அது என்றால் இரண்டு பேருக்கும் அப்பால். நடுவில் நிற்கிற உதுவை எப்படிச் சொல்வது? கேட்கிறவளின் கைக்குக் கிட்ட இருப்பதும் உதுதான். பேச்சில் இப்போது அடிபட்டுக்கொண்டிருப்பதும் உதுதான். நேருக்கு நேர் நின்று கதைக்கும்போது கண்ணும் கையும் மிச்சத்தைச் சொல்லிவிடும். தொலைபேசியில் கண்ணும் இல்லை, கையும் இல்லை. அது, இது என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு சீவிக்கிற தமிழருக்கு இந்தப் பிழை வரவே வராது. அவர்களுடைய கணினிகள் இதற்காகவே நீடூழி வாழக்கூடும்.

யோகமக்கா பெட்டியின் கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தா. சிவப்பு நூலில் கட்டிய இந்த வெப்பமானியைத்தான் உள்ளே தொங்கவிட்டு, வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தா. நீ சுவரில் இருந்த சுவிட்சில், வெப்பக்கம்பியின் ஆளியில், கை வைத்தபடி நின்றாய். சென்சர் பொய் சொல்கிற நேரங்களில் நீங்கள் இருவரும்தான் நிரல். “ஏறுது பிள்ளை, ஏறுது, நிப்பாட்டு!” என்பா அவ. நீ அணைப்பாய். இறங்கினால் போடுவாய். அதற்குள்ளும் நமக்கு வழக்குத் தீரவில்லை.

“யோகமக்கா, நீங்கள் சொல்லுங்கோ. உது எண்டா எது?” என்று நீ கேட்டாய்.

அவ கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உது எண்டா கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. இந்தா, இந்தக் குஞ்சுகள் மாதிரி. உங்கடை வழக்கைப் பிறகு பாருங்கோ. நான் முட்டைக்காரருக்குப் பதில் சொல்லோணும்.”

மூன்றாவது ஒரு பொருள் கிடைத்ததுதான் மிச்சம். நாம் இருவரும் சிரித்துவிட்டோம். அவ சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் நான் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

நான் முதலில் செய்தது, என்னென்ன பொதி உன்னிடம் இருக்கிறதென்று கணினியைக் கேட்டது. ஒன்றுமில்லை என்றது. சரி, பொதிகளை நிறுவுகிற அந்த நிரலாவது இருக்கிறதா என்று கேட்டேன். அதுவும் நிறுவப்படவில்லை என்றது. நீ என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாய்.

“பொறு, பொறு. இந்தப் பதிலைச் சொல்லுறது ஆர்?”

“அந்த நிரல்தான்.”

“தான் இல்லையெண்டு தானே சொல்லுதோ?” நீ கைதட்டிச் சிரித்தாய். பிறகு சிரிப்பு அடங்கி, புருவத்தைச் சுருக்கி, உனக்கே உரிய அந்தக் கேள்வியைக் கேட்டாய். “அப்ப தன்னட்டை என்ன இருக்கெண்டு தெரியாமல் இது என்னண்டு ஓடுது?”

ஓடுவதற்கு அது தெரியவேண்டியதில்லை என்றேன். கோப்புகள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. நிரலுக்கு அவை போதும். புதிதாக ஒன்றைச் சேர்க்கிற நேரமும், பழையதைக் கழிக்கிற நேரமும்தான் பதிவு தேவை.

“எங்கடை ஆக்களிலையும் கொஞ்சப்பேர் அப்பிடித்தான் ஓடுகினம்,” என்றாய். கோபத்தோடு வந்தவளையும் சிரிக்கவைக்கிற வித்தை உன்னிடம் இருந்தது.

எங்கள் கூடத்திலிருந்து வேறு கணினி ஒன்றைக் கொண்டுவந்து பூட்டலாம் என்று நான் சொன்னேன். அதில் பெறாமகனின் நிரல் ஓடுமென்று என்ன நிச்சயம் என்று நீ கேட்டாய். அவனோ கனடாவில் நித்திரை. அந்தப் பொதியைக் கையாலேயே விரித்து, கோப்புகளை இடத்தில் போட்டுவிடுவோம் என்று நீ சொன்னாய். செய்து பார்த்தோம். அது இன்னொரு பொதியைக் கேட்டது, அந்தப் பொதி வேறொன்றைக் கேட்டது. இவற்றில் எது ஏற்கெனவே இருக்கிறது, எது இல்லை என்று சொல்ல ஆளில்லை. பதிவைத் திருப்பி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

இப்படியான கணினிகள் தங்கள் பதிவை நாளுக்கொரு முறை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒதுக்கி வைக்கும். எனக்கு அது நினைவில் இருந்தது. போய்ப் பார்த்தால் நகல் இருந்தது. திறந்தால் உள்ளே ஒரு எழுத்துக்கூட இல்லை. தட்டு நிரம்பியிருந்ததால், எழுதத் தொடங்கி எழுத இடமில்லாமல் வெறுங்கோப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. நான் மேசையில் அடித்தேன். நீ திரையைத் தடவுவதுபோல விரலை வைத்துக் கீழே காட்டினாய். பக்கத்திலேயே அமுக்கிக் கட்டிய பழைய நகல்கள் கிடந்தன. அவற்றில் வெறுங்கோப்பல்லாத கடைசி நகலை எடுத்து விரித்தோம். பெயர் பெயராக ஓடியது. நீ மூச்சை விட்டதை நான் கேட்டேன்.

ஆனால் அந்த நகலுக்குப் பிறகு நீ எத்தனையோ நிறுவியிருக்கிறாய். எதை எதை நிறுவினாய் என்று உனக்கே நிச்சயமில்லை. உன் ஞாபகத்தை நம்பவேண்டாம் என்றேன். நீ கோபிக்கவில்லை, “அப்ப வேறை ஆரைக் கேப்பம்?” என்றாய். கேட்க ஆட்கள் இருந்தார்கள். என்ன நிறுவினாலும் கணினி தன் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதும். அது வேறிடத்தில் இருந்ததால் தப்பியிருந்தது. அதோடு ஒவ்வொரு பொதியும் தன் பெயரில் ஒரு சிறு அடைவைத் திறந்து, தன்னைப் பற்றிய குறிப்புகளை அதில் போட்டு வைக்கும். வீட்டு வாசல் படலையில் பெயர்ப்பலகை தொங்குவது போல. அந்த அடைவுகளின் பெயர்களை வரிசையாக எடுத்தால் அந்தக் கணினியில் குடியிருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துவிடுவார்கள். ஒன்றை மற்றதோடு ஒப்பிட ஒரே ஒரு கட்டளை போதும். நான் அதைக் கொடுத்து, மிச்சம் விழுந்த பெயர்களைத் திரையில் நிறுத்தினேன்.

நான் அவற்றை அப்படியே பதிவில் சேர்த்துவிடப் பார்த்தேன். நீ விடவில்லை. ஒவ்வொன்றாக இது என்ன, இது ஏன் வந்தது, இதை யார் கூட்டிக்கொண்டு வந்தது என்று கேட்டாய். எனக்கு எரிச்சல் வந்தது. யோகமக்கா “இறங்குது பிள்ளை” என்றா. நீ ஓடிப்போய் ஆளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, விட்ட இடத்திலிருந்து கேட்டாய். அந்தக் கேள்விகளால்தான் ஒன்று அகப்பட்டது. ஒரு பெயருக்கு நகலிலும் வரியில்லை, நாட்குறிப்பிலும் வரியில்லை. பெயர்ப்பலகை மட்டும் இருந்தது.

“ஆரிது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து குடியிருக்கிறது?”

திறந்து பார்த்தோம். பாம்பு ஊர்ந்து பழம் தின்கிற விளையாட்டு. பெறாமகன் வேறெங்கிருந்தோ கையால் கொண்டுவந்து போட்டிருக்கிறான். நீ சத்தமாக அறிவித்தாய். யோகமக்கா முதல்முறையாக அன்று சிரித்தா. “அப்ப அவன் முட்டையைப் பாக்கேல்லை, பாம்பைத்தான் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறான். நான் நம்பி இருந்தன்.”

அதைப் பதிவில் சேர்த்திருந்தால், இல்லாத பொதியைத் தேடித் தேடி முழு வேலையையும் நிறுத்தியிருக்கும் அந்தக் கணினி. நான் அவசரக்காரி. அந்த நேரத்தில் உன் ஆராய்ச்சிக் குணத்துக்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வெறும் அடைவுகளை மறுபடி உண்டாக்கி, ஒட்டுப்போட்ட பதிவை அங்கே வைத்து, கணினியைக் கேட்டேன். இம்முறை பெயர்களைச் சொன்னது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறைப்பாடும் சொன்னது. இந்தப் பொதிக்கு எந்தக் கோப்புகள் சொந்தமென்று எனக்குத் தெரியாது, ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன் என்று திரை நிறைய அதே புலம்பல்.

“பாவமடி,” என்றாய். “பேர் தெரியுது, வேறை ஒண்டும் தெரியேல்லை.”

அந்தக் குறையைப் பிறகு தீர்க்கலாம், எல்லாவற்றையும் ஒருமுறை திரும்ப நிறுவினால் கோப்புக் கணக்கும் வந்துவிடும் என்றேன். இப்போது அவசரம் சென்சர். பழைய பொதிகள் குவிந்திருந்த அடைவை, என் உதுவை, நீயே துடைத்து இடமெடுத்தாய். துடைக்க முன் பாதையை எழுத்து எழுத்தாக வாசித்து, என்னை ஓம் சொல்லவைத்தாய். பிறகு சென்சருக்கான சின்னப் பொதி, முணுமுணுத்துக்கொண்டு, நிறுவப்பட்டது.

இனிப் பெறாமகனின் நிரலை நிறுத்திவிட்டு, புதுச் சென்சரோடு மறுபடி ஓடவிடவேண்டும். நிறுத்தினால் மறுபடி ஓடுமா என்பது ஒருவருக்கும் தெரியாது. யோகமக்கா கதிரையை விட்டு எழும்பி நின்றா. அவவுடைய கண் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தது. நீ ஒருமுறை தலையாட்டிவிட்டு நிறுத்தினாய். வெப்பக்கம்பியின் சின்ன விளக்கு அணைந்தது. மறுபடி ஓடச் சொன்னாய். திரை கொஞ்சநேரம் யோசித்தது. பிறகு ஒரு எண் வந்தது.

“உங்கடை வெப்பமானி என்ன சொல்லுது?” என்று கேட்டாய்.

யோகமக்கா வாசித்தா. அதே எண். நம்பாமல் கண்ணாடியைச் சேலைத்தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தா. மறுபடியும் அதே எண். விளக்குத் தானாகவே எரிந்தது, தானாகவே அணைந்தது. அவ கதிரையில் தொப்பென்று உட்கார்ந்து, “எனக்கு ஒரு தேத்தண்ணி தாங்கோ பிள்ளையள்,” என்றா. மற்றப் பொதிகளை மறுநாள் காலை உன் கைபேசியின் டேட்டாவில் இழுத்து இழுத்து நிறுவி முடித்தோம். ஒவ்வொரு முறைப்பாடாகக் குறைந்து, கடைசியில் கணினி வாயை மூடிக்கொண்டது.

சில நாள் கழித்து, நான் மதியச் சாப்பாட்டில் இருக்கும்போது கூப்பிட்டாய். “எடி, கதைக்காதை. கேள்,” என்றாய். கைபேசியை எங்கேயோ கொண்டுபோய்ப் பிடித்தாய். முதலில் காற்று இரைந்தது. பிறகு மெல்லிய கீச்சு ஒன்று, அதன் மேல் இன்னொன்று, பிறகு எண்ணமுடியாத அளவுக்கு. நான் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லா முட்டையும் பொரிக்கவில்லை, எப்போதும் எல்லாம் பொரிக்காது. ஆனால் முட்டைக்காரிகள் பனையோலைக் கடகத்தோடு வந்து குஞ்சு கொண்டுபோனார்கள். அடுத்த முறை இன்னும் கூடுதலாக முட்டை கொண்டுவந்தார்கள். யோகமக்காவின் படி காலியாகவில்லை. வேலையில்லாமல் போன அந்த வெப்பமானியை உன் கையிலேயே தந்துவிட்டா அவ.

வழக்கு மட்டும் முடியவில்லை. உன் கடையில் இருந்துகொண்டு, “உதை ஒருக்கா எடு” என்று நான் கம்பி பிடிக்கிற குறட்டைக் காட்டினால், உன்னருகில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாய். “இதோ? இதோ? உன்ரை உது எதுவெண்டு எனக்கு என்னண்டு தெரியும்?” வாடிக்கையாளர் இருந்தாலும் விடமாட்டாய். நீதான் சரி, நான்தான் பிழையாகச் சொன்னேன் என்பதில் உனக்குக் கடுகளவும் சந்தேகம் இருக்கவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. வருஷக்கணக்காக அதை வைத்துச் சண்டை பிடித்தோம். இனிப்பான சண்டைதான், ஆனாலும் சண்டை.

போன மாரிகாலத்தில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நான் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. எனக்கு இன்னும் உன்மேல் கோபம் இருக்கிறது. ஒருநாளாவது உடம்பு சரியில்லை என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் நீ.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், எனக்குத் தெரியாதவர், உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “பாவம், நல்ல பிள்ளை. அண்டைக்கு போனிலை பிழையாக் கேட்டு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுது. ஆனா தானே நிண்டு சரிப்படுத்தித் தந்தது.” இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் தெரிந்த கதைபோல இருந்தது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோகமக்காவைத் தேடிப் போனேன்.

“பிழையாக் கேட்டதெண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டேன்.

“உவள்தான்,” என்றா, உன்னைக் குறித்து. “நீ அண்டைக்கு ஸ்கூட்டியிலை வந்துகொண்டிருக்கேக்கை, எப்பிடியோ கேள்விப்பட்டு முட்டைக்காரர் படலைக்கு வந்திட்டினம். கம்பசிலை படிப்பிக்கிற உன்னைத்தான் ஏசினவை. படிச்சவ பிழையாச் சொல்லிக் கெடுத்துப்போட்டா எண்டு. உவள் படலையிலை போய் நிண்டு சொன்னவள், அவள் சரியாத்தான் சொன்னவள், என்ரை காதிலைதான் பிழையா விழுந்தது, முட்டைக்கு ஏதும் நடந்தா என்னட்டை வாங்கோ எண்டு. அவை உவளை ஏசிப்போட்டுப் போச்சினம். பிறகு நீ வந்து இறங்கினாய். உன்னைக் கண்டதும் சண்டையைத் தொடங்கிட்டாள்.”

அங்கே கிடந்த நெல்மூட்டை ஒன்றில் உட்கார்ந்தேன். வருஷக்கணக்காக என்னிடம் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்காதவள், ஊருக்கு முன்னால் முழுவதையும் விட்டுக்கொடுத்திருக்கிறாய். அதை ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஊரிடம் போய் மறுத்திருப்பேன் என்பதாலா? அல்லது நம் சண்டை நின்றுபோகக்கூடாது என்பதாலா? இதைக் கேட்பதற்கு எனக்கு நீ இல்லை.

“நான் போய் அவையிட்டைச் சொல்லுறன்,” என்று எழும்பினேன். “உவள் பிழையாக் கேக்கேல்லை, யோகமக்கா. நான் சொன்னதைத்தான் செய்தவள். அது எல்லாருக்கும் தெரியவேணும்.”

அவ என் கையைப் பிடித்து இருத்தினா. “விடு பிள்ளை. தன்ரை விருப்பத்திலை உவள் எடுத்துக்கொண்டது அது. அதை ஏன் இப்ப பறிக்கிறாய்?”

நான் திரும்பிப் போய் மிச்சப் பூசணிக்காயை வெட்டினேன். அந்தப் பெண் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசவில்லை. இப்போதும் அச்சுவேலிப் பக்கம் போனால் யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள், நீ பிழையாகக் கேட்டதில் தொடங்கி. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் பெயரில் அந்தப் பிழை ஊரில் அப்படியே இருக்கட்டும். போனில் நடந்தது நடந்தபடியே பதிவாகி இருக்கிற இடம் இனி நான் ஒருத்திதான். அதற்காகவாவது நான் கொஞ்சக் காலம் கவனமாக இருக்கவேண்டும்.